இலாராவுக்குப் பேசியவள்

தோஹா
14 ஜனவரி 2024

றுமைஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

சில நாட்களாக நீ எனக்கு எடுக்கும் அழைப்புகளுக்கு நான் பதில் சொல்லவில்லை. வேலை கூட என்று உம்மாவிடம் சொன்னேன். அது பொய். உன் குரலைக் கேட்க எனக்கு முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கல்யாணம் முடித்து ஒன்பது வருடத்தில் உனக்கு எழுதும் முதல் கடிதம் இதுதான்.

எங்கள் அறையில் ஆறு பேர் இருக்கிறோம், உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை லீவு. சமைத்துச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் டீவிக்கு முன்னால் படுத்துக் கிடப்போம். மாவனல்லைப் பொடியன் இன்ஷாப் தன் போனை டீவியில் பொருத்தி ஒரு நாடகம் போடுவான். நம் நாட்டு சேனலில் போகிற தமிழ் டப்பிங் நாடகம்: ‘உதிரமல்லிகை’. இலாரா என்று ஒரு இரத்தக் காட்டேரி. முந்நூறு வருடமாகச் சாகாதவள். ஒரு மாளிகையில் இருந்துகொண்டு வருகிற ஆண்களைக் கூப்பிட்டுக் கழுத்தைக் கடிக்கிறவள். கடிப்பதற்கு முன்னால், “வலிக்காது, கண்ணை மூடிக்கொள்” என்பாள். பிறகு ஒரு மூச்சு விடுவாள்.

அந்த மூச்சுக்காகவே அறை முழுக்கக் காத்திருக்கும். “இந்தக் கொரலுக்கே கழுத்த நீட்டலாம் நானா” என்று இன்ஷாப் என்னிடம் சொல்வான். அதற்கு மேலும் சொல்வான், அதை எழுத மாட்டேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

இந்த மாத முதல் வெள்ளி. அந்தப் பகுதியில் கதாநாயகன் இலாராவின் கையைப் பிடிக்கிறான். அவள் நாக்கைத் தட்டி “ச்சு” என்றாள். “விடுங்களேன்” என்றாள்.

அது உன் குரல். அந்த “ச்சு”வை உலகத்தில் நான் ஒருவன்தான் கேட்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். எழுந்து பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். வெளியே அவர்கள் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாயும் சனியும் கட்டுகஸ்தோட்டையில் டியூஷன் கொடுக்கிறேன் என்றாயே. இதுவா டியூஷன்?

தபாலிலேயே பதில் எழுது. வட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டாவது வரியில் சண்டை வரும். இங்கே ஒருவன் போனை மற்றவன் எடுத்துப் பார்ப்பது வழக்கம். நான் பிழையாக நினைத்துவிட்டேன் என்று எழுது. அப்படி எழுத முடியாவிட்டால் உண்மையை எழுது.

ரிஸ்மி


மடவளை
2 பெப்ரவரி 2024

அன்புள்ள மச்சான்,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

நீங்கள் பிழையாக நினைக்கவில்லை. இலாராவுக்குப் பேசுவது நான்தான்.

டியூஷன் என்று சொன்னது முழுப் பொய்யும் இல்லை. முதலில் அதற்குத்தான் போனேன். அங்கே என்னோடு படிப்பித்த ஞானேஸ்வரி டீச்சர் நீண்ட காலமாக வானொலி நாடகத்தில் பேசியவர். நான் பிள்ளைகளுக்குப் பாடம் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, “றுமைஸா, ஒரு நாளைக்கு என்கூட வாங்க, சும்மா பேசிப் பாருங்க” என்று கூப்பிட்டார். கட்டுக்கலையில் ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடி. சுவரெல்லாம் முட்டைத் தட்டு ஒட்டிய சின்ன அறை. சேதுராமன் சேர் என்பவர் அங்கே டப்பிங் நடத்துகிறார். கூட்டத்தில் கத்துகிற பெண், மருந்து கொடுக்கிற நேர்ஸ், இப்படித்தான் தொடங்கினேன். இலாராவுக்கு வரவேண்டிய அக்காவுக்குத் தொண்டையில் சுகமில்லாமல் போனது. ஒரு நாளைக்கு மட்டும் என்று என்னை நிற்க வைத்தார்கள்.

மச்சான், அதை எப்படி எழுதுவது? திரையில் ஒரு வெளிநாட்டுக்காரி வாயை அசைக்கிறாள். அவள் உதடு ஒட்டும்போது என் உதடும் ஒட்ட வேண்டும். அவள் மூச்சு எடுக்கும்போது நானும் எடுக்க வேண்டும். முதல் வசனம் முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் அசையவில்லை. பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். சேதுராமன் சேர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “யாரும்மா நீங்க?” என்றார். இவ்வளவு காலமாக என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பிள்ளை இல்லாதவள், வெளிநாட்டுக்காரன் பெண்டாட்டி, கைரியா மாமியின் மருமகள். எல்லோருக்கும் என்னைத் தெரியும், கேட்க ஒன்றும் இல்லை.

பெயர் போட வேண்டாம் என்று நானே சொன்னேன். உங்களிடம் சொல்லாதது ஏன் தெரியுமா? நீங்கள் வேண்டாம் என்பீர்கள். நீங்கள் வேண்டாம் என்றால் நான் விட்டுவிடுவேன். எனக்கு என்மேல்தான் பயம்.

பொய் சொன்னதற்கு வெட்கப்படுகிறேன். அந்த “ச்சு” எனக்கே தெரியாமல் வந்தது. அதை எழுதிக் கொடுக்கவில்லை, காகிதத்தில் “விடுங்களேன்” மட்டும்தான் இருந்தது. உங்கள் கடிதத்தைப் படித்தபிறகுதான் யோசித்தேன்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். எல்லோரும் சிரிப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நான் என்று தெரிவதற்கு முன்னால், எல்லோரும் என்றால் நீங்களுமா? அவள் யாரோ ஒருத்தியாக இருந்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்?

றுமைஸா


தோஹா
20 பெப்ரவரி 2024

றுமைஸாவுக்கு,

கேள்வி கேட்க வேண்டியவன் நான். நீ என்னைக் கேட்கிறாய்.

இன்ஷாப் அந்த மூச்சைத் தன் போனுக்கு ரிங்டோனாகப் போட்டிருக்கிறான். நான் ஸ்டோரில் அரிசி மூட்டை எண்ணிக்கொண்டிருப்பேன், பக்கத்தில் அவன் சட்டைப் பைக்குள் இருந்து நீ மூச்சு விடுவாய். நேற்று தொழுகைக்கு நிற்கும்போது அடித்தது. பின் வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நான் என்ன ஓதினேன் என்றே எனக்குத் தெரியாது.

அந்தப் போனை வாங்கி உடைக்கலாம். உடைத்தால் ஏன் என்று கேட்பார்கள். இது உனக்கு விளங்குகிறதா? கோபப்படக்கூட எனக்கு வழி இல்லை.

நீ மார்க்கத்துக்குப் பிழை செய்தாய் என்று சொல்ல வரவில்லை. நான் அவ்வளவு ஒழுங்கான ஆளும் இல்லை. எனக்கும் உனக்கும் நடுவில் இருந்த ஒன்று இந்த அறையில் ஆறு பேர் வாயில் கிடக்கிறது. அதுதான் தாங்க முடியவில்லை.

விட்டுவிடு. முடிவு உன்னுடையது என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். மனம் வரவில்லை. விட்டுவிடு. உம்மாவுக்குத் தெரிய வேண்டாம். அவர் தாங்க மாட்டார்.

ரிஸ்மி


மடவளை
17 மார்ச் 2024

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு தொடங்கிவிட்டது. உங்கள் அறையில் இப்போது டீவி போடமாட்டார்கள் என்று நினைத்துக் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

முதலில் கெட்ட செய்தி. மாமிக்குத் தெரிந்துவிட்டது.

இலாரா இரத்தம் குடிக்கிற சத்தத்தை எப்படிச் செய்வேன் என்றால், புறங்கையில் வாயை வைத்து உறிஞ்சுவேன். மற்றவர்கள் தண்ணீர் குடிப்பார்கள். எனக்குத் தண்ணீரில் அந்தச் சத்தம் சரியாக வராது. ஒரு சனிக்கிழமை அந்த இடத்தைப் பல தடவை எடுத்தார்கள். வீட்டுக்கு வரும்போது மணிக்கட்டுக்கு மேல் சிவந்து கன்றியிருந்தது. சஹன் தட்டைக் கழுவ முந்தானையை ஒதுக்கியபோது மாமி கண்டுவிட்டார்.

“என்ன புள்ள இது கையில?”

“ஒண்டுமில்ல மாமி. கதவுல அடிபட்ட.”

மாமி கையைப் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு குசினிக் கதவைச் சாத்தினார். “கதவு வாய் வெச்சி உறிஞ்சுமா? எனக்கிட்டப் பொய் செல்லாத. எண்ட மகன் வெயில்ல கெடந்து சாவுறான். நீ யாருக்கிட்டப் போற?”

மச்சான், அவர் நினைத்தது அதைத்தான். அந்த இடத்தில் எனக்கு வேறு வழி இருக்கவில்லை. புறங்கையை வாயில் வைத்து அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினேன். “வலிக்காது, கண்ணை மூடிக்கொள்” என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். என் மாமியிடம், குசினியில், மீன் சட்டிக்குப் பக்கத்தில்.

மாமி கையை விட்டுவிட்டார். அவர் ஒவ்வொரு நாளும் அந்த நாடகம் பார்க்கிறவர். “நீயா அது?” என்றார். பிறகு, “நான் ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஏசின தானே” என்றார். நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்தாரோ தெரியாது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவருக்கும் வரவில்லை. அன்றிலிருந்து டீவி போடுவதில்லை. என் முகத்தைப் பார்த்துப் பேசுவதும் இல்லை. சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பும்போதுகூடக் கதவைத்தான் தட்டுகிறார், முன்பு என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்.

நீங்கள் விடச் சொன்னீர்கள். கடைசிப் பகுதிகள் மட்டும் மீதி இருந்தன. நடுவில் குரல் மாறினால் எல்லோருடைய வேலையும் கெட்டுவிடும் என்பதால் முடித்துக் கொடுத்தேன். நோன்போடு, தொண்டை காய்ந்து, காட்டேரிக்காக அழுதேன். கடைசிப் பகுதியில் அவள் சாகிறாள்.

அந்த வெளிநாட்டு நடிகையைப் பற்றி டீச்சர் எங்கேயோ வாசித்தாராம். இந்த நாடகத்துக்குப் பிறகு அவளுக்கு அம்மா வேடமோ மனைவி வேடமோ யாரும் கொடுப்பதில்லையாம். கடைக்குப் போனால் சின்னப் பிள்ளைகள் தாயின் பின்னால் ஒளிந்துகொள்ளுமாம். பாவம் என்றார் டீச்சர். நான் வேறொன்று நினைத்தேன். அவளை ஏசுவதற்கு அவளுக்கென்று ஒரு முகமாவது இருக்கிறது.

கதாநாயகனுக்குப் பேசிய யுகேஷ், மாநகர சபையில் கிளார்க்காக இருந்தவர், இப்போது கொழும்பில் வானொலி வேலை கிடைத்துப் போகிறார். எல்லோருக்கும் ஏதோ திறக்கிறது. பெருநாளுக்குப் பிறகு சேனல்காரர்கள் கண்டியில் ஒரு விழா வைக்கிறார்கள். குரல் கொடுத்தவர்களை மேடையில் ஏற்றி, அடுத்த தொடரையும் அறிவிப்பார்களாம். அதிலும் நான்தான் பேச வேண்டும் என்றார்கள். மேடைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கு அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அம்பிட்டியவில் கஜலட்சுமி என்று ஒரு பிள்ளை, அறிவிப்பாளராகப் பழகுகிறாள், பார்க்க வடிவானவள். அவள்தான் இலாராவின் குரல் என்று மேடையில் நிறுத்துவார்கள். நான் எப்போதும் வாய் திறக்கக் கூடாது.

சரி என்று சொல்லிவிட்டேன். யாருக்கும் தெரியாமல் போய்விடும். உங்களுக்கும் நிம்மதி. இல்லையா?

றுமைஸா


தோஹா
3 ஏப்ரல் 2024

அன்புள்ள றுமைஸா,

உன் கடிதம் வந்தது. அல்ஹம்துலில்லாஹ். நல்ல முடிவு. மூன்று மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் நோன்பு திறந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

அந்தப் பிள்ளையே நிற்கட்டும். அவள் அறிவிப்பாளர், இதெல்லாம் அவளுக்குப் பழக்கமாக இருக்கும். பெயரும் அவளோடு போகட்டும், பழியும் அவளோடு போகட்டும். அடுத்த தொடருக்கு மட்டும் போகாதே.

உம்மாவை நான் சமாளிக்கிறேன். பெருநாளைக்கு உனக்குப் பிடித்த அத்தர் அனுப்புகிறேன்.

ரிஸ்மி


மடவளை
12 மே 2024

மச்சான்,

அத்தர் கிடைத்தது. இன்னும் திறக்கவில்லை.

விழா நடந்து முடிந்துவிட்டது. நீங்கள் வீடியோவில் பார்த்திருப்பீர்கள், உலகமே பார்த்தது. ஆனால் நான் எங்கே இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. மண்டபத்துக்குள் இருந்தேன். ஞானேஸ்வரி டீச்சரோடு ஏழாவது வரிசையில். எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள். என் குரலுக்கு மற்றவர்கள் கை தட்டுவதை ஒரு தடவை கேட்க ஆசைப்பட்டேன்.

கஜலட்சுமி சிவப்புப் புடவையில் வந்து நின்றாள். மண்டபமே அதிர்ந்தது. நல்ல பிள்ளை, இரண்டு கையாலும் கும்பிட்டாள். அதோடு இறக்கியிருக்கலாம். பின்னால் இருந்து ஒரு பொடியன், “இலாரா, ஒரு வசனம்!” என்று கத்தினான். பிறகு எல்லோரும் கத்தினார்கள். நிகழ்ச்சி நடத்தியவனுக்கு விஷயம் தெரியுமோ தெரியாதோ, மைக்கை அவள் வாயருகில் நீட்டினான்.

அவள் சுற்றிப் பார்த்தாள். சேதுராமன் சேர் தலையைக் குனிந்துகொண்டார். “வலிக்காது” என்று தொடங்கினாள். மெல்லிய குரல், சின்னப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது போல. முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு மண்டபம் சிரித்தது. “ஆள் மாறாட்டம்! கள்ளி!” என்றார்கள். அவள் நிறுத்தவில்லை மச்சான். அழுதுகொண்டே, “கண்ணை மூடிக்கொள்” என்று முடித்தாள். சொல்லிக் கொடுத்ததைச் சொல்லி முடிக்க வேண்டும் என்று நினைத்திருப்பாள்.

டீச்சர் என் கையைப் பிடித்து, “எழும்புங்க றுமைஸா. இருந்த இடத்துல இருந்தே ஒரு வார்த்தை பேசுங்க, போதும்” என்றார். குரல் தொண்டை வரைக்கும் வந்தது. பக்கத்து வரிசையில் மடவளை ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். விழுங்கிவிட்டேன்.

அந்தப் பிள்ளை புடவை தடுக்கி மேடைப் படியில் விழுந்ததையும் போனில் எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த வீடியோவுக்குக் கீழே எழுதியதையெல்லாம் வாசித்தேன். எனக்கு எழுதியிருக்க வேண்டியது. உங்கள் அறையில் சொன்னதாக நீங்கள் எழுதாமல் விட்டதெல்லாம் அங்கே எழுத்தில் இருந்தது. பழி அவளோடு போகட்டும் என்று நீங்கள் எழுதினீர்கள். நானும் அதைத்தான் நினைத்தேன், எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

போன வாரம் அம்பிட்டியவுக்குப் போனேன். பஸ்ஸை விட்டிறங்கி ஏற்றம் ஏறி வீட்டைக் கண்டுபிடித்தேன். அவளுடைய அப்பா வீரய்யா கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றார். “யாரும்மா நீங்க? இன்னும் என்ன வேணும் அந்தப் புள்ளகிட்ட? வேலைக்கும் வரவேணாம்னுட்டாங்க, வெளிய தலைகாட்ட முடியல” என்றார். நான் சலாம் சொல்லவா வணக்கம் சொல்லவா என்று தடுமாறி, “உங்க மகளப் பாக்க வந்தேன், மன்னிப்புக் கேக்கணும்” என்றேன்.

உள்ளே இருந்து, “அப்பா, கதவத் தொறங்க” என்று சத்தம் வந்தது. என் சாதாரணக் குரலிலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

உட்காரக் கதிரையைத் துடைத்துப் போட்டாள். தேத்தண்ணி வைத்தாள். பிறகு கேட்டாள்:

“அன்னைக்கு நீங்க அங்க இருந்தீங்களா அக்கா?”

“இருந்தேன்.”

“அப்ப நான் பேசினதக் கேட்டிருப்பீங்க.”

“கேட்டேன்.”

ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தேத்தண்ணி ஆறுது, குடிங்க என்றாள்.

அங்கிருந்து நேரே டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவருடைய போனில், முகம் இல்லாமல், குரலை மட்டும் பதிவு செய்தோம். “என் பெயர் றுமைஸா. ஊர் மடவளை. உதிரமல்லிகையில் இலாராவுக்குப் பேசியது நான். பெயர் வேண்டாம் என்று நான்தான் மறைந்துகொண்டேன். மேடையில் நின்ற பிள்ளைமேல் எந்தப் பிழையும் இல்லை. எனக்குச் சொல்ல வேண்டியதை அவளுக்குச் சொல்லாதீர்கள்.” இவ்வளவுதான். டீச்சர் அதை இணையத்தில் போட்டுவிட்டார்.

சேனல்காரர்கள் அன்றே கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்றார்கள். டீச்சரையும் நிறுத்திவிட்டார்கள். அடுத்த தொடர் வேறு யாருக்கோ போய்விட்டது. கடைத்தெருவில் இரண்டு பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். மாமி இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உங்களிடம் கேட்காமல் செய்துவிட்டேன். இது உங்கள் அறைக்கும் வரும். வந்திருக்கும். என்ன நடந்தது என்று எழுதுங்கள். எழுதாமலும் விடலாம்.

றுமைஸா


தோஹா
2 ஜூன் 2024

அன்புள்ள றுமைஸா,

எழுதுகிறேன். எழுதாமல் விட்டால் ஊருக்கு வந்து உன் முகத்தைப் பார்க்க எனக்கு முடியாது.

அந்தப் பிள்ளை விழுந்த வீடியோ இங்கே ஓடியது. இன்ஷாப் கீழே எழுதியிருந்ததையெல்லாம் சத்தமாக வாசித்தான். அது அவள் இல்லை என்று அந்த அறையில் அறிந்தவன் நான் ஒருவன். கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். உன்னை நினைத்து நிம்மதிப்பட்டேன்.

பிறகு உன் பதிவு வந்தது. இருளப்பன்தான் போட்டான். ராமநாதபுரத்துக்காரன், உனக்கு முன்பு சொல்லியிருக்கிறேன், அதிகம் பேசாதவன். போனை அறையின் நடுவில் ஸ்டூலில் வைத்தான். “என் பெயர் றுமைஸா. ஊர் மடவளை” என்றாய். ஆறு பேரும் கேட்டோம்.

இன்ஷாப் திரும்பி, “நானா, மடவளை எண்டா உங்கட ஊர் தானே? ஆள தெரியுமா?” என்றான்.

“மடவளை பெரிய ஊர்டா. எனக்கு எப்பிடித் தெரியும்?” என்றேன்.

அப்படித்தான் சொன்னேன் றுமைஸா. நீ ஊர் உலகத்துக்கு முன்னால் உன் பெயரைச் சொன்னாய். நான் ஆறு பேர் இருக்கிற அறையில் உன்னைத் தெரியாது என்றேன்.

அடுத்த வெள்ளி, ஜும்மா முடித்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். இன்ஷாப் தொடங்கினான், மடவளைப் பெண்கள் எல்லோரும் இப்படியா நானா என்று. நான் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டேன். “அது எண்ட பொஞ்சாதி” என்றேன். யாருக்கும் விளங்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை சொல்வதுதான் கஷ்டம்.

இன்ஷாப் சோற்றுக் கையைச் சட்டையில் துடைத்தான். போனை எடுத்தான், என்னவோ அழித்தான். “அல்லாஹ்வுக்காக மன்னிங்க நானா, எனக்குத் தெரியாதே” என்று அழுதான். நான் அவனை மன்னிக்கிற இடத்தில் இல்லை. பெப்ரவரியில் நீ ஒன்று கேட்டாய், நான் பதில் எழுதவில்லை. ஆம், நானும் சிரித்தேன். சிரித்தது மட்டும் இல்லை. அவள் யாரோ என்று நினைத்திருந்த நாட்களில், இன்ஷாப் சொன்னதைவிடக் கேவலமாக ஒன்றை நான் சொன்னேன். அறை முழுக்கச் சிரித்தது. அது என் பகிடிதான். அவன் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எல்லோரும் எழுந்து போனபிறகு இருளப்பன் என் சோற்றுக் கோப்பையையும் சேர்த்து எடுத்துக் கழுவினான். கழுவிக்கொண்டே, “அண்ணே, அன்னைக்குத் தெரியாதுன்னு சொன்னீங்களே?” என்றான். ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே விளங்காமல் கேட்டான்.

இப்போது நான் உள்ளே வந்தால் எல்லோரும் பேச்சைக் குறைக்கிறார்கள், மையத்து விழுந்த வீடு மாதிரி. மரியாதைக்காக என்று தெரியும். எனக்கு அந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை.

நீ என்ன முடிவு எடுத்தாலும் சரி. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ரிஸ்மி


மடவளை
20 ஜூன் 2024

அன்புள்ள மச்சான்,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் எங்கேயும் வைக்க மனமில்லாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

என்னைத் தெரியாது என்று சொன்னது வலித்தது. மறைக்க மாட்டேன். ஆனால் ஏழாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவள் நான். உங்களை ஏச வாய் எடுத்தால் அந்தப் பிள்ளை விழுந்த சத்தம் கேட்கிறது. அந்தப் பகிடி என்னவென்று எனக்கு எழுத வேண்டாம். ஊருக்கு வந்தபிறகும் சொல்ல வேண்டாம். ஆனால் நீங்கள் அதை மறக்கவும் வேண்டாம்.

கஜலட்சுமிக்கு வேறொரு இடத்தில் அறிவிப்பு வேலை கிடைத்திருக்கிறது. வீரய்யா ஐயா டீச்சருக்குப் போன் எடுத்துச் சொன்னாராம். எனக்கு எடுக்கவில்லை. அது நியாயம்தான்.

சேதுராமன் சேரும் சேனலோடு முறித்துக்கொண்டுவிட்டார். சின்னதாக ஒரு வானொலி நாடகம் செய்கிறார். காட்டேரி இல்லை. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து டவுனுக்கு வந்து வீட்டு வேலை செய்கிற ஒரு பெண். அவளுக்கு நான் பேசுகிறேன், வீட்டுக்கார அம்மாவுக்கு டீச்சர். முடிவில் எல்லோருடைய பெயரையும் வாசிப்பார்கள், என்னுடையதையும். சரி என்று சொல்லிவிட்டேன்.

மச்சான், முன்பு நான் உங்களிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அது பிழை. இனிக் கேட்க மாட்டேன். சொல்வேன். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் அதையும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

சனிக்கிழமைதான் முதல் ஒலிப்பதிவு. காலையில் அபாயாவைப் போட்டுக்கொண்டு இறங்குவேன் என்று நேற்றுக் குசினியில் சொன்னேன், சுவரைப் பார்த்து. மாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. இரவுச் சாப்பாடு முடிந்து கோப்பைகளை அடுக்கும்போதுதான், தனக்கு மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டும், டவுனுக்குத் தனியே போக முடியாது, என்னோடு வருகிறேன் என்றார். கண்ணாடி போன மாதம்தான் மாற்றியது. “பஸ்ஸுல சன்னல் பக்கம் எனக்கு” என்றார்.

றுமைஸா